நாற்பது நிமிடம் நின்ற எஞ்சின்

இந்தப் பைய மடியில வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி, பஸ்ஸுல நெருக்கம், நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. உள்ள பட்டுச் சேலை இருக்கு, மடிப்புக் கலைஞ்சிரப்பிடாது. உவரியில என் தங்கச்சி மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். நான்தான் தாய்மாமன். பத்திரிகையா? பத்திரிகை வரல. எங்க மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சப்பதான் எனக்கே தெரியும். கல்யாணப் பையன் தூத்துக்குடி, எங்க கோயில் பங்குதான். ஞாயித்துக்கிழமை பூசையில சாமியாரு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கு, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு வாசிக்காரு, காதக் குடுத்துக் கேட்டா என் மருமக பேரு. மூணு ஞாயிறு வாசிச்சாவ. மூணு ஞாயிறும் மொத பெஞ்சுல இருந்துதான் கேட்டேன். பக்கத்துல இருந்தவரு, என்ன ரெமிஜியுஸ், வீட்டுல விசேசம், ஒரு வார்த்தை சொல்லலியேன்னாரு. திடீர்னு முடிவாச்சுன்னேன். வேற என்னத்தச் சொல்ல.

உங்க கையில இருக்க பேப்பர்ல கப்பல் படம் போட்டிருக்கான், அதைப் பாத்துத்தான் பேச்சுக் குடுத்தேன். சுற்றுலாக் கப்பல் எல்லாம் புகை விடுது, பூமி சூடாவுதுன்னு எழுதியிருக்கானா? எழுதுவான். எழுதுதவன் ஒருத்தனும் கப்பல்ல வேல பாத்திருக்க மாட்டான். நான் பதினாலு வருசமா கப்பல்ல இருக்கேன். இப்ப லாண்டரி மாஸ்டர். கப்பல் பேரு வேண்டாம், கம்பெனி வருத்தப்படும். என்ன இருந்தாலும் சோறு போடுத எடம்.

அது கப்பல் இல்ல அண்ணாச்சி, ஒரு தாலுகா. விருந்தாளி மூவாயிரம் பேரு, வேலைக்காரங்க நாங்க ஆயிரத்திச் சொச்சம். மேல எட்டு நீச்சல் குளம். நடுவுல ஐஸ் தரை போட்டு சறுக்கி வெளையாட ஒரு எடம், வெளிய நாப்பது டிகிரி வெயில் அடிக்கும், உள்ள கம்பளிக் குல்லா மாட்டிக்கிட்டுச் சறுக்குவாவ. எங்க லாண்டரி அடித்தளத்துல, கடல் மட்டத்துக்கும் கீழ. ஒரு நாளைக்குப் பதினோராயிரம் துண்டு துவைக்கணும். பக்கத்துச் சொவருக்கு அந்தப்புறம் எஞ்சின் ரூம். அங்கதான் எங்க மாப்ள சந்தியாகு மோட்டார்மேனா, எஞ்சினப் பாத்துக்கிடுத ஆளா இருந்தான். தங்கச்சி வீட்டுக்காரன். ஏஜென்டுகிட்ட சொல்லி அவன அந்தக் கப்பல்ல ஏத்திவிட்டதே நான்தான். இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால அவன் பண்ணதக் கேட்டா உங்களுக்கே மனசு கொதிக்கும்.

எங்க கம்பெனிக்கு பூமி மேல ரொம்ப அக்கறை. அதுக்குன்னே ஒரு மேடத்தப் போட்டிருந்தாவ. நாங்க பசுமை மேடம்னுதான் சொல்லுவோம். மாசத்துக்கு ரெண்டு தடவ தலைமை ஆபீஸ்ல இருந்து விமானத்துல பறந்து வருவாவ, புகைய எப்பிடிக் குறைக்கன்னு சொல்ல. இன்னைக்கு இந்தத் துறைமுகத்துக்கு வந்தா அடுத்த வாரம் வேற கண்டத்துல நிப்பாவ. அவ்வளவு உழைப்பு. அவங்கதான் குளியலறையில எல்லாம் அட்டை மாட்டுனது, துண்ட ரெண்டு நாள் வச்சுக்கிட்டா பூமி பிழைக்கும்னு. ஆனா சாயங்காலமானா கட்டில் மேல ரெண்டு புதுத் துண்ட மடிச்சு யானை பண்ணி வைக்கணும், அது கம்பெனி வழக்கம். மூவாயிரம் பேருக்கு யானை. அதையும் நிறுத்திரலாமே மேடம்னு ஒருத்தன் கேட்டான். யானை இல்லேன்னா விருந்தாளி மனசு ஒடஞ்சிரும்னாவ. ஞாயந்தான. பூமியப் பாக்கதா, விருந்தாளியப் பாக்கதா, ரெண்டையும் பாக்கணும்லா.

ஒரு நாள் எங்க எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துல கூட்டி, பெரிய திரையில படம் போட்டாவ. ரெண்டாயிரத்தி அம்பதுக்குள்ள கம்பெனி நெட் ஜீரோ, அதாவது புகைக் கணக்கு சைபர் ஆயிரும்னாவ. எல்லாரும் கை தட்டுனோம். எனக்கு அப்ப எழுவத்தாறு வயசு ஆயிருக்கும், இருந்தாலும் தட்டுனேன். அப்பப் பாத்து இந்தச் சந்தியாகு கையத் தூக்குதான். மேடம், இந்தக் கப்பல அதுக்கு முன்னாலயே ஒடைக்கப் போட்டிருவாங்களே, ஒடைச்ச கப்பல்ல புகை வராதுதான, அதத்தான் சொல்லுதீங்களான்னான். நான் மேசைக்கு அடியில அவன் கால மிதிச்சேன். மேடம் கோவப்படல. அருமையான கேள்வின்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாவ. பெரிய மனுசங்க அப்பிடித்தான்.

அதுக்கப்புறம் போட்டி வச்சாவ. புகையக் குறைக்க நல்ல யோசனை சொல்லுத ஆளுக்கு பச்சை பேட்ஜு, கம்பெனி புத்தகத்துல போட்டோ. எங்க பழைய லாண்டரி மாஸ்டர் வேற அந்த வருசத்தோட ஊருக்குப் போறாரு. பதிமூணு வருசமா நான் உதவி. எனக்குப் பின்னால வந்த ரெண்டு பேரு வேற கப்பல்ல மாஸ்டர் ஆயிட்டாவ. இந்தப் பேட்ஜு மட்டும் கெடைச்சுட்டா நம்மளத் தாண்டி யாரும் போக முடியாதுன்னு எனக்குத் தோணிட்டு. ராவும் பகலுமா யோசிச்சேன். யோசிச்சா, அட, தலைக்கு மேலதான் இருக்கு. வெயிலு.

எங்க டிரையர் மிஷின் இருக்கே, அது குடிக்குத கரண்டு கொஞ்சம் நஞ்சம் இல்ல. அந்தக் கரண்டுக்கு எஞ்சின் எண்ணெயக் குடிக்கும். நம்ம ஊர்ல மொட்டை மாடியில கயிறு கட்டிப் போட்டா அரை மணியில மொறுமொறுன்னு காஞ்சிருமே, அத இங்க பண்ணுனா என்ன? எழுதிப் போட்டேன். கம்பெனி கப்பல் எல்லாத்துலயும் சேத்து ஆறாயிரம் பேரு எழுதுனதுல என்னோடது மொத பரிசு. பசுமை மேடம் எனக்குக் கை குடுத்தாவ. இது எளிமை, இது பாரம்பரியம், இது கிழக்கின் ஞானம் அப்பிடின்னு சொல்லி, நான் சொல்லாதது எல்லாத்தையும் நான் சொன்னதா எழுதிக்கிட்டாவ.

விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. அன்னைக்குத்தான் எங்க கப்பலுக்குப் பசுமைச் சான்றிதழ் குடுக்க ரெண்டு பேரு வாறாவ. அன்னைக்கு நிக்குத துறைமுகத்துல கரையில இருந்து கரண்டு எடுக்க வசதி உண்டு. பெரிய கேபிளக் கப்பல்ல மாட்டிட்டா எஞ்சின் மொத்தத்தையும் அணைச்சிரலாம். எஞ்சின் அணையணும், மேல அறுநூறு வெள்ளைத் துண்டு வெயில்ல காயணும், விருந்தாளிங்க நடுவுல நின்னு சிரிக்கணும். எடம் குறிச்சுக் குடுத்ததும் மேடந்தான். பின்பக்கம் உச்சித் தளம். அங்கன நின்னாத்தான் கடலு, துண்டு, கம்பெனி பேரு எழுதுன புகைக்கூண்டு மூணும் ஒரே படத்துல வருமாம்.

காலையில ஒம்போது மணிக்கு கேபிள மாட்டுனாவ. கேப்டன் ஒரு பச்சை பொத்தான அமுக்குனாரு. எஞ்சின் நின்னுச்சு பாருங்க. பதிமூணு வருசத்துல கப்பல் சத்தமில்லாம நின்னு நான் கேட்டதே இல்ல. தூக்கத்துலகூட அந்த அதிர்வு முதுகுல இருக்கும். அது நின்னதும் கடல்ல அலை அடிக்குத சத்தம் கேட்டுச்சு, எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பொய் சொல்லல. என் துண்டு அறுநூறும் காத்துல ஆடுது, பால் வெள்ளை. போட்டோக்காரன் என்னையத்தான் நடுவுல நிப்பாட்டுனான்.

நாப்பது நிமிசம். நாப்பது நிமிசம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கரையில இருந்து வார கரண்டு அவ்வளவு பெரிய கப்பலுக்குப் பத்தல, ஏசி பாதிதான் ஓடிச்சு. விருந்தாளிக்கு வேத்துட்டு. வரவேற்பு மேசைக்கு முன்னால வரிசை கட்டிட்டாவ. ஐஸ் தரை இளக ஆரம்பிச்சிட்டு, ஒரு அம்மா வழுக்கி விழுந்துட்டாவ. இதெல்லாம் எனக்கு அப்பறந்தான் தெரியும். மேல நின்னவனுக்கு என்ன தெரியும்?

அந்த நேரத்துல சொவத்துல இருந்த போன் அடிக்குது. எடுத்தா மாப்ள. "மச்சான், ஒரு ஜெனரேட்டர ஓட்டச் சொல்லி மேல இருந்து உத்தரவு வந்துட்டு. ஆறிப்போன எஞ்சின், மொதல்ல கறுப்பாத்தான் கக்கும். பத்து நிமிசம் இழுத்தடிக்கேன், துணிய எல்லாம் அள்ளிரு" அப்பிடிங்கான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வாசல்ல எட்டடிப் பலகையில எழுதிப் போட்டிருக்கு, இன்று இந்தக் கப்பல் புகை விடாதுன்னு. கேப்டன் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதைவிடவா ஒரு மோட்டார்மேன் பேச்சு? உனக்குப் பொறாமை மாப்ளன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். மறுபடியும் அடிச்சான். நான் எடுக்கல. மூணாந்தடவ அடிச்சிருந்தா எடுத்திருப்பேன் அண்ணாச்சி, சத்தியமா எடுத்திருப்பேன். அவன் அடிக்கல. அது யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க.

அப்பறம் என்ன, புகைக்கூண்டு ஒரு இருமல் இருமுச்சு. அவ்வளவுதான். கறுப்பா, பிசுபிசுன்னு, மாவு சலிக்குத மாதிரி இறங்குச்சு. துண்டுல, மேசையில, ஐஸ் போட்ட பழரசத்துல, மேடத்தோட வெள்ளைக் கோட்டுல. சான்றிதழ் குடுக்க வந்ததுல ஒருத்தருக்கு வழுக்கைத் தலை, அது மேல புள்ளி புள்ளியா விழுது, அவரு தடவத் தடவக் கோடாவுது. என் அறுநூறு துண்டையும் பாத்தேன். நான் துவைச்ச துண்டு. எனக்கு அங்கனயே உக்காந்து அழணும் போல இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் சான்றிதழ்காரங்க எஞ்சின் ரூமுக்கு எறங்குனாவ. எறங்குனா பெரிய இஞ்சினியர்கிட்ட கேக்க வேண்டியதுதான? அவரு ஏதோ சொல்லிச் சமாளிச்சிருப்பாரு. நேரா இவன்கிட்ட கேட்டிருக்காவ, ஏன் இன்னைக்கு மட்டும் இவ்வளவு கறுப்பு வந்துச்சுன்னு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தானா? "தினமும் வருது சார். இன்னைக்குத் துணி காயப் போட்டிருந்தாவ, அதனால தெரிஞ்சிச்சு" அப்பிடின்னுட்டான். அந்த ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியந்தான் அவன் குடியக் கெடுத்துச்சு. இத நான் தங்கச்சிகிட்டயும் சொன்னேன், அவளுக்குப் புரியல.

மறுநாள் என்னைய ஆபீஸ்ல கூப்பிட்டாவ. காப்பி குடுத்தாவ, பதிமூணு வருசத்துல மொத தடவையா பீங்கான் கோப்பையில. மேடம் கோட்டு மாத்தியிருந்தாவ. ஒரு தாள நீட்டி, துண்டு கறுத்தது துவைச்ச சோப்புத் தூள் சரியில்லாததாலன்னு எழுதியிருக்கு, கையெழுத்துப் போடுங்கன்னாவ. அண்ணாச்சி, நான் எந்திரிச்சு நின்னுட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க, என் துவைப்பக் குறை சொல்லாதீங்கன்னேன். என் கையால துவைச்ச துணியில அழுக்குன்னு எழுதுன தாள்ல நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்? உயிரே போனாலும் முடியாதுன்னேன். அவங்களும் நல்லவங்கதான், உடனே வேற தாள் அடிச்சுக் கொண்டாந்தாவ. துவைப்பு மிகச் சுத்தம், லாண்டரி மேல குத்தம் இல்லன்னு மொத வரியிலயே போட்டிருந்தாவ. அப்பிடி ஒரு நிமிர்வு வேணும் மனுசனுக்கு.

மிச்சமா? மிச்சம் ரெண்டு வரி. முன்கூட்டித் தகவல் எதுவும் வரலன்னு ஒண்ணு. எஞ்சின ஓட்டுனது டூட்டியில இருந்த ஆளு உத்தரவு இல்லாமத் தானாச் செஞ்ச தப்புன்னு ஒண்ணு. அத நான் வாசிக்கல. இல்ல, வாசிச்சேன். வாசிச்சேன், ஆனா அதுல பேரு இல்லியே. டூட்டி ஆளுன்னுதான இருந்துச்சு. அன்னைக்கு டூட்டியில மாப்ளதான் இருந்தாங்கது அவங்களுக்குத் தெரியும், நானா சொன்னேன்? நான் அவனப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எங்க வேணா சொல்லுவேன்.

அடுத்த துறைமுகத்துலயே அவன இறக்கி விட்டுட்டாவ. அவனோட சர்வீஸ் புத்தகத்துல சிவப்பு மையில எழுதிட்டாவளாம், இனி எந்தக் கம்பெனியும் எடுக்காது. போகும்போது லாண்டரி வாசல்ல வந்து நின்னான். மிஷின் சத்தம், அவன் ஏதும் பேசுனானா இல்லியான்னு எனக்குத் தெரியல. நான் மடிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தப்ப ஆளு இல்ல.

எனக்கு அந்த மாசமே லாண்டரி மாஸ்டர் குடுத்தாவ. கப்பலுக்குச் சான்றிதழும் வந்துட்டு. நாப்பது நிமிசம் எஞ்சின் நின்னது நின்னதுதான, அதுக்குத் தனி மதிப்பெண்ணு. கம்பெனி புத்தகத்துல போட்டோவும் வந்துச்சு, துண்டெல்லாம் பளிச்சுன்னு வெள்ளை. கம்ப்யூட்டர்ல துவைச்சிருக்காவ. இடது ஓரத்துல ஒரு முழங்கை தெரியும், அது நான். என் யோசனைய மட்டும் அப்பறம் தொடரல. அந்த அறுநூறு துண்டும் நாலு தடவ துவைச்சும் கறை போவல, நாலு தடவ டிரையர்ல போட்டுட்டுக் கடைசியில எரிச்சாவ. புதுசு அறுநூறு விமானத்துல வந்து எறங்குச்சு.

சந்தியாகு இப்ப உவரியில ஜெனரேட்டர் வாடகைக்கு விடுதான், கல்யாண வீட்டுக்கு, திருவிழாவுக்கு. ஒரு ஓட்டை வண்டியில வச்சு இழுத்துக்கிட்டுத் திரியுதான்னு சொன்னாவ. அது விடுத புகைய ஊரே பாக்கலாமாம். இவனா எங்க கப்பலப் பேசுனான்?

தங்கச்சி ஒரே ஒரு தடவ போன் பண்ணா. அழுவான்னு நெனச்சேன், அழல. ஒரு கம்பெனி அவரு வேலையப் பாத்துட்டு எடுக்க ரெடியா இருக்கு, அன்னைக்குப் போன் பண்ணிச் சொன்னாருன்னு ஒரு வரி நீ எழுதிக் குடுத்தா போதும், உத்தரவு மேல இருந்து வந்தது நெசம்னு ஆயிரும், சிவப்பு மை போயிரும்னா. நான் அது பெரிய கதை மெட்டில்டா, உனக்குச் சொன்னா வெளங்காதுன்னேன். "பெரிய கதை வேண்டாம்ணே. அவரு போன் பண்ணாரா, இல்லியா?" அப்பிடின்னா. நான் டவர் சரியில்லன்னேன். டவர் நல்லாத்தான் இருந்துச்சு. எழுதிக் குடுக்கலாம், யாரு இல்லேன்னா? ஆனா எழுதுனா நான் போட்ட கையெழுத்து பொய்யின்னு ஆவும். பொய்க் கையெழுத்துப் போட்டவன மாஸ்டரா வச்சிருப்பாவளா? பதிமூணு வருசம் காத்திருந்து வாங்குன பதவி. நானும் புள்ள குட்டிக்காரந்தான.

அதனாலதான் சேலை எடுத்தேன். நல்ல சேலை அண்ணாச்சி, அரக்குக் கலர், கடைக்காரன் நாலு தடவ பிரிச்சுக் காட்டுனான். தாய்மாமன் வந்து நின்னா வாசல்லயே போன்னு சொல்லிருவாளா? மருமகளுக்கு என் மேல கோவம் இருக்காது, சின்னப் புள்ளையா இருந்தப்ப என் தோள விட்டு இறங்க மாட்டா. நேரா போறேன், சேலையக் குடுக்கேன், சந்தியாகு கையப் புடிக்கேன். அவன் கேப்பான். கேக்கட்டும். கேட்டா...

உவரி வந்துட்டா? அதுக்குள்ளயா? ஆமா, அந்தா பந்தல் தெரியுது. வாழைமரம் கட்டியிருக்கான். ஜெனரேட்டர் பக்கத்துல குனிஞ்சு நிக்கானே, நீலச் சட்டை, அவன்தான். சொந்த மக கல்யாணத்துக்கும் அவனேதான் கயிறப் போட்டு இழுக்கான் பாருங்க. மெலிஞ்சுட்டான். ரொம்ப மெலிஞ்சுட்டான்.

இல்ல அண்ணாச்சி, நான் இறங்கல. நீங்க காலு மடக்க வேண்டாம், உக்காருங்க. நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இன்னைக்குப் போயி நின்னு எல்லாருக்கும் சங்கடத்தக் குடுக்கப்பிடாது. எதையும் எடுத்தேன் கவுத்தேன்னு பண்ணப்பிடாது, படிப்படியாத்தான் போவணும். மொதல்ல இந்தச் சேலைய கூரியர்ல போட்டிருதேன், கல்யாணம் முடிஞ்சு ரெண்டு நாள்ல கெடைச்சிரும். அடுத்த லீவுல வரும்போது தங்கச்சிகிட்ட போன்ல பேசுதேன். அதுக்கடுத்த லீவுல நேர்லயே போயி, ஆமாம்மா, அவன் போன் பண்ணான், ரெண்டு தடவ பண்ணான்னு சொல்லிருவேன். கண்டிப்பா சொல்லிருவேன். அதுல மாத்தமே கெடையாது.

கண்டக்டர் தம்பி, விசில ஊதுங்க, இறங்க ஆளு இல்ல. எனக்கு இங்கேருந்து கன்னியாகுமரிக்கு ஒரு டிக்கெட் போட்டிருங்க.